நான்கு டாலருக்கு ஒன்பது ரூபாய்

அம்பத்தூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் உதிரி பாகங்களின் அளவு சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பும் வேலை அது. அந்தக் கண்டிப்பு இன்றும் அவரை விட்டுப் போகவில்லை. பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. தொழிற்பேட்டையின் இரைச்சல் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பது என் வழக்கம்.

அப்படி ஒரு மாலையில், பிஸ்கட் டப்பா ஒன்றிலிருந்து மெல்லிய துணியில் சுற்றிய நான்கு பெரிய நாணயங்களை அவர் வெளியே எடுத்தார். மோர்கன் டாலர் எனப்படும் அமெரிக்க வெள்ளி நாணயங்கள். நியூஜெர்சியில் வசிக்கும் மகள் ஒவ்வொரு வருகையின்போதும் ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தவை. ஒரு புறம் சுதந்திர தேவியின் முகம், மறுபுறம் சிறகு விரித்த கழுகு. அவற்றைப் பழைய நகைக்கடைத் தராசு ஒன்றின் இடத் தட்டில் வைத்தார். வலத் தட்டில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த நம்மூர் வெள்ளி ரூபாய் ஒன்பதை ஒவ்வொன்றாக அடுக்கினார். தராசு முள் ஏறக்குறைய நடுவில் வந்து நின்றது. டாலர் இருந்த தட்டு மட்டும் மிகச் சிறிதளவு தாழ்ந்திருந்தது.

"இரண்டு கிராம் வித்தியாசம், தம்பி. அந்த இரண்டு கிராமும் செம்பு. வெள்ளியை மட்டும் பார்த்தால் இரண்டு தட்டும் சமம். நாலு டாலருக்கு ஒன்பது ரூபாய். ஒரு குந்துமணி கூடக் குறையாது" என்றார்.

நான் நம்பவில்லை. வீடு திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்க டாலரில் இருக்க வேண்டிய தூய வெள்ளி 371.25 கிரெயின் என்று 1792-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. நாணயத்தின் மொத்த எடை 1837-இல் சற்று மாறியபோதும் வெள்ளியின் அளவு மாறவில்லை. நம்முடைய ரூபாய் 180 கிரெயின் எடையுள்ளது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 165 கிரெயின். 371.25-ஐ 165-ஆல் வகுத்தால் மிகச் சரியாக இரண்டேகால் வருகிறது. ஒரு டாலருக்கு இரண்டேகால் ரூபாய், நான்கு டாலருக்கு ஒன்பது ரூபாய்.

உலகின் எதிரெதிர் மூலைகளில், ஒருவரையொருவர் கேட்காமல் வகுக்கப்பட்ட இரண்டு அளவுகள் இப்படிப் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலின் மீது ஒரு மாபெரும் உருக்குதல் நிகழ்ந்தது. இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சில டாலர்களுக்காக லட்சக்கணக்கில் விலை கொடுக்கிறார்கள் என்றால் அதற்கான காரணங்களில் ஒன்று இந்தியாவில், நம் பாட்டிகளின் பெட்டிகளில் இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

அமெரிக்கக் கப்பல்கள் கொணர்ந்த வெள்ளி

சென்னைக்கும் அமெரிக்கக் கப்பல்களுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. விடுதலை பெற்ற அமெரிக்காவிலிருந்து 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் 1784 டிசம்பரிலேயே புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. 1794-இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட ஜே உடன்படிக்கைக்குப் பிறகு கம்பெனியின் துறைமுகங்களும் அமெரிக்க வணிகர்களுக்குத் திறந்தன. நம்மவர் விரும்பி வாங்கும்படியான சரக்கு அவர்களிடம் அதிகம் இல்லை. (ஐஸ் கட்டி பின்னாளில் வந்தது. மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் 1842-ஆம் ஆண்டின் கட்டடம்.) ஆகவே துணியும் அவுரியும் வாங்க அவர்கள் வெள்ளியைக் கொணர்ந்தார்கள்.

அந்த வெள்ளி அமெரிக்க முத்திரை தாங்கியதன்று. மெக்சிகோவிலும் பெருவிலும் அச்சிடப்பட்ட ஸ்பானிய டாலர்தான் அன்றைய உலகப் பணம். அமெரிக்காவிலேயே 1857 வரை அது சட்டபூர்வமாகச் செல்லுபடியானது. அமெரிக்கா சொந்தமாக அச்சிட்ட வெள்ளி டாலர்கள் அச்சானவுடன் ஏற்றுமதியாகி நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. அதனால் 1804-க்குப் பிறகு அச்சிடுவதையே நிறுத்திவிட்டார்கள். மீண்டும் தொடங்கியது 1836-இல்.

இந்த இடைவெளியில்தான் அமெரிக்க நாணயங்களிலேயே புகழ்பெற்ற அரிய நாணயம் பிறந்தது. 1804 என்று ஆண்டு பொறித்த டாலர் உண்மையில் 1804-இல் அச்சிடப்பட்டதே அல்ல. 1834-35-இல், மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் பரிசளிக்க, எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதருக்காக அச்சிட்டது. பின்னாளில் மறைவாக அச்சிட்டவற்றையும் சேர்த்து இன்று உலகில் இருப்பவை மிகச் சிலவே. மஸ்கட் சுல்தானுக்குச் சென்றதாகக் கருதப்படும் நாணயம் 1999-இல் 41 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அரபிக் கடலைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே வந்திருந்தால் நம் கரைக்கே வந்திருக்கும்!

சரி, நம் கரைக்கு வந்த ஸ்பானிய டாலர்கள் என்ன ஆயின? சென்னை அக்கசாலைக்குப் போயின. 1807-இல் தொடங்கிய புதிய நாணய முறையில் கம்பெனி அரை வராகன், கால் வராகன் என்று வெள்ளியில் அச்சிட்டது. ஒரு புறம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபுறம் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் மதிப்பு. ஏறக்குறைய 27 கிராம் எடையுள்ள ஸ்பானிய டாலரைக் குறைத்து, 21 கிராம் எடையுள்ள அரை வராகனாக அதன் மேலேயே அடித்தார்கள். சில நாணயங்களைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கோபுரத்துக்கு அடியில் ஸ்பெயின் மன்னரின் பெயரெழுத்துகள் மங்கலாகத் தெரியும். நண்பரிடம் அப்படி ஒன்று உண்டு. கோபுர வாசலில் ஓர் அந்நிய அரசனின் நெற்றி. ஒரு பேரரசின் பணம் இன்னொன்றின் பணமாக மாறும் கணம் அந்த உலோகத்தில் உறைந்து கிடக்கிறது.

1818-இல் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு, மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்ற கணக்கில், 180 கிரெயின் ரூபாயை ஏற்றது. அதே அளவு 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்குமான ரூபாய் ஆயிற்று. சென்னை அக்கசாலை 1869-இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் எஞ்சியது. ரூபாய் அதன்பின் மும்பையிலும் கல்கத்தாவிலும்தான் அச்சாயிற்று. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

யாரும் கேட்காத டாலர்

மோர்கன் டாலரின் பிறப்பு அரசியலில் நிகழ்ந்தது. நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற மலைச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டியது. 1873-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளி டாலரை நீக்கிவிடவே, சுரங்க முதலாளிகளும் கடன்பட்ட விவசாயிகளும் கொதித்தெழுந்தனர். 1878-இல் நிறைவேறிய பிளாண்ட்-ஆலிசன் சட்டம், மாதந்தோறும் 20 லட்சம் டாலர் மதிப்புக்குக் குறையாமல் வெள்ளியை வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தியது. ஜார்ஜ் மோர்கன் என்ற பொறிப்பாளர் வடிவமைத்த டாலர் அந்த ஆண்டே வெளிவந்தது.

1878 முதல் 1904 வரை சுமார் 57 கோடி டாலர்கள் பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, நியூ ஆர்லியன்ஸ், கார்சன் சிட்டி ஆகிய இடங்களில் அச்சாயின. ஆனால் 26.73 கிராம் எடையுள்ள இந்த வட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரிய மக்கள் விரும்பவில்லை. அதற்கு ஈடான வெள்ளிச் சான்றிதழ் என்னும் தாளே கைமாறியது. நாணயங்கள் ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டப்பட்டுக் கருவூல நிலவறைகளில் உறங்கின.

இதற்கிடையே 1893 ஜூன் 26 அன்று, இந்திய அக்கசாலைகள் தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தின. உலகின் மிகப் பெரிய வெள்ளிச் சந்தைகளில் ஒன்று கதவைச் சாத்தியதும் வெள்ளி விலை சரிந்தது. நவம்பரில் அமெரிக்காவும் தன் வெள்ளிக் கொள்முதல் சட்டத்தை ரத்துச் செய்தது. அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அச்சான டாலர் ஒரு லட்சம் மட்டுமே. மோர்கன் வரிசையில், புழக்கத்துக்கென அச்சானவற்றுள் மிகக் குறைந்த எண்ணிக்கை அது. இன்று சேகரிப்பாளர்கள் தவமிருந்து தேடும் நாணயமும் அதுவே.

1918

முதல் உலகப்போர் வந்தது. இந்தியாவிலிருந்து சணலும் தோலும் கோதுமையும் கப்பல் கப்பலாய்ப் போயின. மெசபடோமியாவில் போரிட்ட இந்தியப் படைகளுக்கான செலவையும் இந்திய அரசே முதலில் கொடுத்து, பின்னர் லண்டனில் கணக்குத் தீர்த்துக்கொண்டது. லண்டனில் வரவு ஏறியது. ஆனால் இங்கே விளைவித்தவனுக்கும் உழைத்தவனுக்கும் கையில் ரூபாய் தர வேண்டுமே! தங்கம் வரத் தடை, சரக்கு வரக் கப்பல் இல்லை. மெக்சிகோவின் உள்நாட்டுக் கலகத்தால் வெள்ளி உற்பத்தியும் வீழ்ந்திருந்தது.

வெள்ளியின் விலை ஏறி, ரூபாயை உருக்கினால் ஒரு ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்ற நிலை நெருங்கியது. நாணயத்தை உருக்குவது 1917-இல் குற்றமாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் முதல் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. ஐயப்படும் குடியானவனைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, அதில் ஒரு வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சிட்டிருந்தார்கள். 1918-இல் இரண்டரை ரூபாய்த் தாளும் வந்தது. சிறு காசுகளை நிக்கலில் அச்சிடத் தொடங்கினார்கள். ஆனால் தாளை எவரும் நம்பவில்லை. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்கும் கூட்டம் நாணய அலுவலகங்களின் முன் திரண்டது. பல இடங்களில் நோட்டு கழிவுக்கே மாறியது. கேட்டவுடன் வெள்ளி தருவோம் என்று ஒவ்வொரு நோட்டிலும் வாக்குக் கொடுத்திருந்த அரசின் கையிருப்பு, 1918 கோடையில் சில கோடி ரூபாய்களாகச் சுருங்கிவிட்டது. வாக்குத் தவறினால் போர்க்காலத்தில் என்ன நடக்கும் என்று ஆட்சியாளர்களுக்குத் தெரியும்.

உலகில் அப்போது உடனடியாகக் கிடைக்கக்கூடிய பெரிய வெள்ளிக் குவியல் ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்க நிலவறைகளில் உறங்கிய டாலர்கள். நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன் பெயரால் அறியப்படும் சட்டம் 1918 ஏப்ரல் 23 அன்று நிறைவேறியது. 35 கோடி டாலர் வரை உருக்கலாம். ஓர் அவுன்ஸ் தூய வெள்ளியை ஒரு டாலருக்குக் குறையாமல் விற்க வேண்டும். பின்னர் அதே அளவு வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்து அதே விலைக்கு வாங்கி மீண்டும் டாலராக அடிக்க வேண்டும். நெவாடாக்காரர் தம் ஊர்ச் சுரங்கங்களை மறந்துவிடவில்லை என்பது தெளிவு.

உருக்கப்பட்டவை 27,02,32,722 டாலர்கள். அவற்றுள் 1,11,11,168 அமெரிக்கச் சில்லறைக் காசுகளுக்குப் போயின. மீதி 25,91,21,554 டாலர்களின் வெள்ளி, சுமார் 20 கோடி அவுன்ஸ், பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்தது.

இப்போது நண்பரின் தராசுக்கு வருவோம். இரண்டேகால் ரூபாய்க் கணக்கில் பெருக்கினால், அந்த வெள்ளியிலிருந்து 58 கோடியே 30 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் அச்சிடலாம். மும்பை, கல்கத்தா அக்கசாலைகள் இரவும் பகலும் இயங்கின. அதுவரை அச்சான மோர்கன் டாலர்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இப்படி ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயாக மறுபிறவி எடுத்தன. எந்த ஆண்டின், எந்த அக்கசாலையின் டாலர்கள் உருகின என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. நிலவறையில் கைக்கு எட்டிய பை உலைக்குப் போயிற்று.

எஞ்சியதே அரியது

இந்தக் கணக்கில்லாமைதான் மோர்கன் சேகரிப்பைப் புதிராக்கியது. இத்தனை லட்சம் அச்சிட்டோம் என்று அக்கசாலை ஏட்டில் இருக்கும். ஆனால் எத்தனை எஞ்சின என்று ஏடு சொல்லாது. 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் அச்சான டாலர் 44 லட்சத்து 50 ஆயிரம். ஆயினும் புழங்காத நிலையில் அது கண்ணிலேயே படவில்லை. எல்லாம் உருகிப்போயின என்று முடிவு கட்டினார்கள். 1962-இல் அதன் விலை கையேட்டில் 1,500 டாலர். அந்த ஆண்டின் இறுதியில், கருவூலம் பழைய பைகளை வெளியே விட்டபோது 1903 என்று பொறித்த டாலர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டின. விலை சில பத்து டாலர்களுக்கு வீழ்ந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து ஒரு நாணயம் வாங்கியவர் அன்றிரவு எப்படி உறங்கியிருப்பார் என்று நண்பர் கேட்பார். எனக்கு விடை தெரியாது.

இதற்கு நேர்மாறானது 1895. பிலடெல்பியாவில் அந்த ஆண்டு சேகரிப்பாளர்களுக்கென அச்சிட்ட 880 மாதிரி நாணயங்களின் வழிவந்தவைதாம் இன்று கிடைக்கின்றன. ஏட்டில் உள்ள மற்ற 12,000 நாணயங்களில் ஒன்றுகூட இதுவரை தென்படவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழவே, வெளிவராமல் கிடந்தவற்றை உருக்கி வடிவத்தை மாற்றினார்கள். தப்பியவை இன்று 'பன்றி ரூபாய்' என்ற பெயரில் தனி விலை பெறுகின்றன. அச்சுக்கூடத்தைவிட உலைக்கூடமே அரிய நாணயத்தை உருவாக்குகிறது என்று தோன்றுகிறது.

டாலர் சேர்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு நண்பர் சொல்லும் மூன்று எச்சரிக்கைகளை இங்கே பதிந்துவைப்பது பயன்படும். முதலாவது, போலிகள். நடைபாதைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அமெரிக்க 'வெள்ளி டாலர்கள்' பெரும்பாலும் வெள்ளியே அல்ல. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை. இரண்டாவது, ஒட்டுவேலை. உண்மையான 1893 பிலடெல்பியா டாலரின் பின்புறத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஓரெழுத்து முத்திரையை ஒட்டவைத்து ஏமாற்றுவோர் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் வாங்கக் கூடாது. மூன்றாவது நமக்கே உரியது: விபூதி. வெள்ளிப் பாத்திரத்தை விபூதியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். நாணயத்தை அப்படித் துலக்கினால் நூறாண்டுக் கால மேற்பூச்சும் நுண்ணிய பொறிப்பும் ஒரே தேய்ப்பில் போய்விடும். கறுத்த நாணயம் அழுக்கான நாணயம் அல்ல.

பாட்டியின் முப்பத்தாறு

இனி என் வீட்டுக் கதை. என் பாட்டி பூந்தமல்லியைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் மல்லிகையும் கத்தரியும் பயிரிட்டு, விடியுமுன் வண்டி கட்டிப் பட்டணத்துச் சந்தைக்குக் கொண்டுபோனவர். விற்ற பணத்தை வெள்ளியாகத்தான் வாங்குவாராம். தாளை எலி தின்னும், கறையான் தின்னும், வெள்ளியை எது தின்னும் என்பது அவர் வாதம் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். லண்டனில் நாணயக் குழுக்கள் அமர்ந்து, இந்தியன் ஏன் வெள்ளியைப் புதைத்துவைக்கிறான் என்று ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. விடை பூந்தமல்லிச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

பாட்டியின் திருமணத்தின்போது அவர் தாயார் முப்பத்தாறு வெள்ளி ரூபாயைச் சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பை அரிசிப் பானைக்குள் ஐம்பது ஆண்டுகள் இருந்தது. 1940-க்குப் பிறகு வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி என்றும், 1947-இல் அதுவும் போய் நிக்கல் ஆனது என்றும் அவருக்குத் தெரியும். "ராசா தலை போட்டதுதான் ரூவா" என்பார். (அந்த இரண்டாம் போரிலும் அமெரிக்காவிடம் சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைக் கடனாக வாங்கி, சுதந்திர இந்தியா 1950-களில் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தது தனிக் கதை.)

1980 தை மாதம் அத்தைக்குத் திருமணம். அந்த ஜனவரியில்தான் ஹன்ட் சகோதரர்கள் என்ற டெக்சாஸ் செல்வந்தர்கள் உலக வெள்ளியைச் சுருட்டப் பார்த்து, விலை அவுன்ஸ் ஐம்பது டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் மக்கள் வரிசையில் நின்று பழைய டாலர்களை உருக்கக் கொடுத்தார்கள். அந்த விலையின் அலை பூந்தமல்லி வரை வந்தது. பாட்டி பையை அவிழ்த்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. நகைக்கடைக்குப் பாட்டியின் கைபிடித்து நான்தான் போனேன். கடைக்காரர் நாணயங்களைக் கல்லில் உரைத்துப் பார்த்தார், எண்ணவில்லை, நிறுத்தார். ஆண்டு என்ன, எங்கே அச்சானது என்று யாரும் பார்க்கவில்லை. அத்தைக்கு ஒரு ஜோடிக் கொலுசும் குங்குமச் சிமிழும் வந்தன. மீதிப் பணம் கல்யாணச் செலவில் கரைந்தது.

கொடுத்தது முப்பத்தைந்து. ஒன்றை மட்டும் பாட்டி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தார். திருமலைக்கு வேண்டுதல். அடுத்த ஆண்டு போகலாம், அதற்கடுத்த ஆண்டு போகலாம் என்று தள்ளிப்போய், போகாமலே பாட்டி காலமானார். அம்மாவின் காலத்துக்குப் பிறகு அந்த முடிச்சு என்னிடம் வந்து சேர்ந்தது.

தராசுக் கணக்கைச் சரிபார்த்த அடுத்த ஞாயிறு, அதை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். துணியைப் பிரித்துக் கண்ணாடியின் அடியில் வைத்தார். ஆண்டு 1919. பின்புறத்தில் கீழே உள்ள தாமரை மலருக்கு அடியில் ஒரு சிறு புள்ளி. மும்பை அக்கசாலையின் அடையாளம் அது. கல்கத்தா நாணயத்தில் அது இராது.

நண்பர் எழுந்து வாசலுக்குப் போய், ரயில் பாதை இருக்கும் திசையைக் காட்டினார். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட பாதை. 1871 முதல் மும்பையோடு இணைந்தது. "மும்பைக் காசு ரயிலில் வந்திருந்தால், அரக்கோணம், ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் பட்டணம் போயிருக்கணும். அங்கே உங்கள் கொள்ளுத்தாத்தா கத்தரிக்காய் விற்று வாங்கி, பூந்தமல்லிக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கார். நெவாடா மலையில் வெட்டின வெள்ளி, தம்பி!"

இதை நிரூபிக்க இயலாது. உருகிய வெள்ளிக்கு ஊர்ப்பெயர் கிடையாது. ஆனால் 1918-க்கும் 1920-க்கும் இடையே அச்சான ரூபாயில் அமெரிக்க வெள்ளி கலந்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்ல முடியும். முப்பத்தாறு ரூபாய் என்பது பதினாறு டாலர். அந்தப் பதினாறில் ஒன்று இன்று கிடைத்தற்கரிய 1893-ஆக இருந்திருக்குமோ என்று கேட்டுக்கொண்டே போகலாம். அத்தையின் கொலுசு இப்போது அவருடைய பேத்தியின் கால்களில் ஒலிக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இழந்தோம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"இதை என்ன செய்யப் போறீங்க?" என்று நண்பர் கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் வழியெல்லாம் விடை தேடிக்கொண்டிருந்தேன். விலை என்று பார்த்தால் 1919 மும்பை ரூபாய் அரிய நாணயம் அல்ல. நூறாண்டு கடந்த எந்த நாணயமும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகிறது. 2019-இல் பாட்டியின் ரூபாயும் அந்தத் தகுதியைப் பெற்றுவிட்டது. அனுமதியின்றி அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அது போகப்போவதும் இல்லை. ஆனால் அது என்னுடையதா என்பதே என் கேள்வி. பாட்டி அதை முடிந்த நாளிலேயே அது வேறொருவருக்கு உரியதாகிவிட்டது. வரலாற்றின் பெயரால் அதை வைத்துக்கொண்டால் பாட்டியின் வாக்கு என்னாவது? கேட்டவுடன் வெள்ளி தருவோம் என்ற வாக்கைக் காக்கத்தான் 1918-இல் ஓர் அரசு, உலகின் மறுகோடிவரை போய் வெள்ளி தேடியது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். சேகரிப்பாளர் அல்லவா, வைத்துக்கொள்ளுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். ஆண்டு 1919. மும்பை. எடை 11.61 கிராம். விளிம்பில் இடப்பக்கம் சிறு நசுங்கல். மன்னர் கிரீடத்தில் லேசான தேய்மானம். பூந்தமல்லி, மல்லிகைத் தோட்டம், திருமண வரிசை முப்பத்தாறில் ஒன்று. மற்றவை 1980-இல் உருக்கப்பட்டன.

"பிட்மன் ஆட்கள் இதைச் செய்யலையே, தம்பி. உருக்கினது பிரச்சினை இல்லை. எழுதாம உருக்கினதுதான் பிரச்சினை" என்றார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் அரிசிப் பானையில், மஞ்சள் துணியில், பூஜை மாடத்தில் ஒரு ராஜா தலை ரூபாய் இருக்கக்கூடும். விற்கலாம், உருக்கலாம், பேத்திக்குக் கொலுசு செய்யலாம். அது உங்கள் உரிமை. அதற்கு முன் ஒரு நிமிடம், விபூதி போட்டுத் தேய்க்காமல், ஆண்டைப் பாருங்கள். தாமரைக்கு அடியில் புள்ளி உண்டா என்று பாருங்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

வருகிற புரட்டாசியில் திருமலை போகிறேன். நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.